சம்பள வாயிலில் நிற்கும் கடன்

நெய்வேலிச் சுரங்கத்தில் ஒரே ஷிப்டுக்கு இறங்கி, ஒரே கன்வேயர் பட்டையின் ஓரத்தில் ஒரே தூசியைச் சுவாசித்து வேலை செய்கிற இரண்டு தொழிலாளிகளுக்கு, குழந்தையின் வைத்தியத்துக்கோ பள்ளிக்கூடக் கட்டணத்துக்கோ அவசரமாக 20,000 ரூபாய் தேவைப்படும்போது, ஒருவருக்கு அது ஆண்டுக்கு 10, 12 விழுக்காட்டு வட்டியிலும் மற்றவருக்கு 120 விழுக்காட்டு வட்டியிலும் கிடைக்கிறது என்றால், அந்தப் பேதத்துக்குரிய காரணத்தை அவர்களுடைய ஒழுக்கத்திலும் சிக்கனத்திலும் தேடுவது வீண் வேலை. முன்னவர் நிறுவனத்தின் நிரந்தரப் பணியாளர். பின்னவர் ஒப்பந்தத் தொழிலாளி. கடனில் அமிழ்ந்து, வங்கியிலும் நற்பெயரை இழந்துவிட்ட ஒருவன் கரையேறுவதற்கு மார்க்கம் என்ன என்று ஆராயப் புகும்போது இந்த வித்தியாசத்தை முதலில் மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது. ஏனெனில் இவ்விஷயத்தில் உபதேசம் செய்ய முன்வருகிறவர்களில் பெரும்பாலோர் கடனாளியின் குணத்தைப் பற்றிப் பேசுகிறார்களேயன்றி, அவன் பணம் வாங்க நேர்கிற சந்தையைப் பற்றிப் பேசுவதில்லை.

ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டும்போது கரிய பொருள் தென்பட்டதில் தொடங்கிய இவ்வூரின் வரலாறு, 1956 நவம்பரில் சுரங்கக் கம்பெனி பதிவானதும், 1957 மே 20-ஆம் தேதி பிரதமர் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்ததும், 1961-இல் பழுப்பு நிலக்கரி வெளிச்சத்துக்கு வந்ததுமாகப் பலரும் அறிந்ததே. நம் விஷயத்துக்கு முக்கியமானது வேறொன்று. அகன்ற வீதிகளும் எண்ணிட்ட பிளாக்குகளுமாகத் திட்டமிட்டுக் கட்டிய அந்த நகரியம், தன் பணியாளருக்கு வீடு, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் ஆகிய மூன்றையும் சம்பளத்துக்குப் புறம்பாக வழங்கிற்று. சாமானியக் குடும்பத்தைக் கடனில் தள்ளும் காரணங்களில் பெரும் பகுதி இம்மூன்றிலேயே அடங்கிவிடுவதால், நிரந்தரத் தொழிலாளியின் வாழ்வில் விபத்தாக வந்தது கடனாக மாறாமலே போயிற்று. நகரியத்தின் ஆர்ச் கேட்டுக்கு வெளியிலும் மந்தாரக்குப்பத்திலும் சுற்றியுள்ள கிராமங்களிலும் இருந்து அதே சுரங்கத்துக்கு வருகிற ஒப்பந்தத் தொழிலாளிக்கு அந்தச் சௌகரியங்கள் அதே அளவில் கிட்டுவதில்லை. 'இன்கோசர்வ்', 'ஹவுசிகாஸ்' என்னும் கூட்டுறவுச் சங்கங்களில் இடம்பெற்று, மூப்பு வரிசையில் நிரந்தரமாவதற்குக் காத்திருப்போர் ஒரு சாரார். டெண்டருக்கு டெண்டர் மாறும் கான்ட்ராக்டர்களின் கீழ் இருப்போர் இன்னொரு சாரார். ஒரு வாரம் கூலி தாமதமானால் அந்த வாரத்துக்கு அரிசி வாங்குவதே கடனாகிறது.

அக்கடன் எந்த ரூபத்தில் வருகிறது என்று கவனிப்போம். மிகச் சாதாரணமானது தண்டல். 10,000 ரூபாய்க்குக் கணக்கெழுதி, முன்வட்டியாக 1,500 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 8,500 ரூபாயைக் கையில் கொடுத்து, நாளொன்றுக்கு 100 ரூபாயாக 100 நாள் வசூலிப்பது அதன் வழக்கமான முறைகளில் ஒன்று. நூற்றுக்குப் பதினைந்துதானே என்று வாங்குகிறவன் ஆறுதலடைகிறான். அசல் நாள்தோறும் குறைந்துகொண்டே வருவதையும் காலம் நூறே நாள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் அது ஆண்டுக்கு ஏறக்குறைய 120 விழுக்காடாகிறது. ஆனாலும் தண்டலுக்கு ஒரு நல்ல குணம் உண்டு: நூறாவது நாள் அது தீர்ந்துவிடும். 'பத்து வட்டி' எனப்படும், மாதம் நூற்றுக்குப் பத்து ரூபாய் வாங்கும் கடனுக்கு அந்தக் குணமும் இல்லை. 20,000 வாங்கியவன் மாதம் 2,000 கொடுத்துக்கொண்டே போகலாம். பத்து மாதத்தில் வாங்கிய தொகை முழுவதையும் வட்டியாகக் கொடுத்த பின்னரும் அசல் முதல் நாள் நின்ற இடத்திலேயே நிற்கும். இதற்கு ஈடாக வெற்றுப் புரோநோட்டும் நிரப்பாத காசோலையும் கொடுப்பது பழைய வழக்கம். சம்பளம் விழுகிற கணக்கின் ஏ.டி.எம். அட்டையையும் இரகசிய எண்ணையுமே ஒப்படைத்துவிடுவது தமிழ்நாட்டின் தொழில்நகரங்களில் பிற்காலத்தில் வேரூன்றிய வழக்கம். சம்பளம் விழுந்த அன்று கடன் கொடுத்தவரே பணத்தை எடுத்து, தம் பாகத்தை வைத்துக்கொண்டு மீதியைத் தருவார். அந்த மீதி மாதத்துக்குப் போதாது. ஆகவே அவரிடமே மறுபடியும் கடன்.

சம்பள நாளைக் குறிவைத்து நடக்கும் இவ்வியாபாரம் உலகெங்கும் உண்டு. அமெரிக்காவில் 100 டாலருக்கு 15 டாலர் கட்டணத்தில் இரண்டு வாரத் தவணைக்குக் கொடுக்கிற 'பேடே' கடன், ஆண்டுக் கணக்கில் 391 விழுக்காடு வட்டியாகிறது. அங்கே நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு ஆணையம் 2014-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அத்தகைய கடன்கள் ஐந்தில் நான்கு இரண்டு வாரத்துக்குள் புதுப்பிக்கப்படுகின்றன, அல்லது அடுத்த கடனால் தொடரப்படுகின்றன. வியாபாரத்தின் லாபம் கடன் தீர்வதில் இல்லை, தீராமல் இருப்பதில்தான் இருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டியதில்லை. பிரிட்டன் 2015 ஜனவரியில் ஓர் உச்சவரம்பு விதித்தது: நாளொன்றுக்கு 0.8 விழுக்காட்டுக்கு மேல் கூடாது. வட்டியும் கட்டணமும் எல்லாம் சேர்ந்து அசலைத் தாண்டக் கூடாது. அத்தொழிலில் கொடிகட்டிப் பறந்த வோங்கா கம்பெனி, பழைய வாடிக்கைக்காரர்களின் நஷ்டஈட்டுக் கோரிக்கைகள் குவிந்த நிலையில், 2018 ஆகஸ்டில் திவாலாயிற்று.

நம் நாட்டில் இவ்விஷயம் நன்கு ஆராயப்பட்டது 1929 முதல் 1931 வரை. விட்லி என்பவரைத் தலைவராகக் கொண்டு, மகாகனம் வி. எஸ். சீனிவாச சாஸ்திரியாரும் அங்கத்தினராயிருந்த தொழிலாளர் ராயல் கமிஷன், பெரும்பாலான தொழில்நகரங்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாத குடும்பங்கள் கடன்பட்டவை என்றும், மிகப் பலருக்கு அக்கடன் மூன்று மாதச் சம்பளத்துக்கு மேற்பட்டது என்றும் கணித்தது. சம்பள நாளன்று ஆலை வாயிலில் தடியோடு காத்திருந்து வசூல் செய்வதைக் குற்றமாக்கவேண்டும் என்று அக்கமிஷன் செய்த சிபாரிசு என் அபிப்பிராயத்தில் மிகவும் கூர்மையானது. ஏனெனில் அது வட்டி விகிதத்தைப் பற்றிக் கவலைப்படாமல், வசூல் நடக்கும் இடத்தைப் பற்றிக் கவலைப்பட்டது. வங்காளம் 1934-இல் அதற்கொரு சட்டம் செய்தது. இன்றைக்கு ஆலை வாயிலில் எவரும் தடியோடு நிற்பதில்லை. அந்த வாயில் ஏ.டி.எம். அட்டைக்குள் புகுந்துவிட்டது.

சென்னை ராஜதானியில் நடந்ததைப் பார்த்தால், 1938-இல் ராஜாஜி மந்திரிசபை கொண்டுவந்த விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம், பழைய கடன்களில் 1937 அக்டோபர் 1 வரை ஏறிநின்ற வட்டியைத் தள்ளுபடி செய்த துணிகரமான காரியம். ஆனால் அதன் கருணை விவசாயியோடு நின்றது, தொழிலாளிக்கு எட்டவில்லை. 1957-இல் வட்டித் தொழில் செய்வோருக்கு லைசென்ஸ் முறை வந்தது. ஈடில்லாக் கடனுக்கு ஆண்டுக்கு 12 விழுக்காடு என்ற வரம்பும் பிற்பாடு ஏற்பட்டது. அவ்வரம்பைத் தண்டல்காரர் அறியாதவர் போலவே நடந்துகொண்டனர். 2003 மே மாதத்தில் பிரபல சினிமாத் தயாரிப்பாளர் ஜி. வெங்கடேஸ்வரன் தற்கொலை செய்துகொண்டதற்குப் பிறகே, தின வட்டி, மணி வட்டி, கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றைப் பெயர் சொல்லித் தடைசெய்து, மூன்றாண்டு வரை சிறையும் 30,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்கும் சட்டம் பிறந்தது. பிறந்தும் என்ன? 2017 அக்டோபர் 23-ஆம் தேதி திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வாசலிலேயே, மனுக் கொடுத்துக் கொடுத்துச் சலித்த ஒரு கூலித் தொழிலாளியின் குடும்பம் தீக்குளித்தது. 2022-இல், நெய்வேலி அடங்கிய இதே கடலூர் மாவட்டத்தில் ஒரு போலீஸ்காரரே கந்து வட்டிக் கொடுமையால் உயிரை மாய்த்துக்கொண்ட பிறகு, 'ஆபரேஷன் கந்துவட்டி' என்ற பெயரில் மாநிலமெங்கும் நடவடிக்கை தொடங்கிற்று. 2025 ஏப்ரலில், கடன் வசூலில் பலவந்தத்தைத் தடைசெய்யும் மற்றொரு மசோதாவைச் சட்டசபை நிறைவேற்றியது.

இச்சட்டங்கள் பலிக்காததற்குப் போலீசாரின் அசிரத்தையை மட்டும் காரணம் சொல்வது பாதி உண்மையே. புகார் கொடுக்கிற கடனாளிக்கு நாளைக்குக் கடன் கொடுக்க ஆள் இருக்காது. அவனுடைய அண்டை வீட்டாருக்கும் அதே தண்டல்காரர்தான் கதி என்பதால் அவர்களுடைய முகச்சுளிப்புக்கும் அவன் ஆளாவான். ஆனால் 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அதிகம் பேசப்படாத ஓர் ஏற்பாடு இருக்கிறது: கடனாளி தான் கொடுக்கவேண்டிய அசலையும், அரசாங்கம் நிர்ணயித்த வட்டியையும் நீதிமன்றத்தில் கட்டி, கடன் தீர்ந்ததாகப் பதிவுசெய்யும்படி மனுச் செய்துகொள்ளலாம். சிறையைக் காட்டிப் பயமுறுத்தும் பிரிவுகளைக் காட்டிலும் இதுவே மீட்சிக்கு உபயோகமானது என்று நினைக்கிறேன்; வட்டியாகவே அசலுக்கு மேல் கட்டிவிட்டவன், வக்கீலை வைத்துக்கொண்டு இந்தப் பிரிவை எடுத்துச் சொன்ன மாத்திரத்திலேயே சமாதானப் பேச்சின் தொனி மாறிவிடும். வக்கீலுக்குப் பணம் எங்கே என்ற கேள்விக்கும் பதில் உண்டு: 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம், பெண்களுக்கும் தாழ்த்தப்பட்ட வகுப்பினருக்கும் ஆலைத் தொழிலாளருக்கும் இலவசச் சட்ட உதவியை உரிமையாகவே தருகிறது.

கைபேசிச் செயலிக் கடன் வேறொரு ஜாதி. 10,000 என்று எழுதி 6,500 கொடுத்து, ஏழாம் நாள் 10,000 கேட்கிற அந்த மாயாவிக்கு அலுவலகமும் கிடையாது, முகமும் கிடையாது. கடனாளியின் கைபேசியிலுள்ள எண்களும் புகைப்படங்களுமே ஈடு. ரிசர்வ் வங்கியின் குழு ஒன்று 2021-இல் ஆராய்ந்தபோது, புழக்கத்திலிருந்த சுமார் 1,100 கடன் செயலிகளில் 600 சட்டவிரோதமானவை எனக் கண்டது. 2022 செப்டம்பரிலிருந்து, முறையான செயலி எதுவும் கடனாளியின் தொடர்பு எண்களையும் படங்களையும் தொடக் கூடாது, உண்மையான ஆண்டு வட்டியை முன்கூட்டியே எழுத்தில் தரவேண்டும் என்று விதி இருக்கிறது. வசூலுக்காகக் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் கூப்பிடவும் கூடாது. 2025 ஜூலை முதல், அனுமதி பெற்ற கம்பெனிகளுக்குரிய செயலிகளின் பட்டியலையும் ரிசர்வ் வங்கியே வெளியிடுகிறது. அப்பட்டியலில் இல்லாத செயலிக்கு, மானத்துக்குப் பயந்து இரண்டாவது செயலியில் வாங்கிக் கட்டுவதைப்போல விபரீதம் வேறில்லை. 1930 என்ற எண்ணில் சைபர் குற்றப் பிரிவுக்குத் தெரிவித்து, உறவினருக்கும் நண்பருக்கும் தானே முந்திக்கொண்டு விஷயத்தைச் சொல்லிவிட்டால், அந்த மிரட்டலின் பல் பிடுங்கப்பட்டுவிடுகிறது.

இனி மீளும் வழி. கடனாளிகள் எல்லோரும் கடனைக் கட்டத்தான் செய்கிறார்கள். கட்டுகிற வரிசைதான் பிழையாகிறது. வீட்டு வாசலில் வந்து நிற்பவனுக்கு முதலிலும், தொலைபேசியில் திட்டுகிறவனுக்கு அடுத்தும், கடிதம் மட்டுமே அனுப்புகிற வங்கிக்குக் கடைசியிலும் கொடுப்பது மனித சுபாவம். பயத்தின் வரிசை இது. தண்டல்காரரின் ஏடு எந்தக் கடன் தகவல் நிறுவனத்துக்கும் போவதில்லை. வங்கித் தவணை தவறியதோ உடனே பதிவாகிவிடுகிறது. ஆக, கொடிய வட்டிக்காரனுக்கு நாணயமாக நடந்துகொண்டதன் பலனாகவே ஒருவன் வங்கியில் நாணயம் கெட்டவனாகிறான் என்ற விசித்திரத்தைப் பிரத்தியட்சமாகக் காணலாம்.

இந்த வரிசையை மாற்றுவதற்கு முதற்காரியம், எல்லாக் கடனையும் ஒரே தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே கையில் வாங்கிய உண்மைத் தொகை, இதுவரை கட்டியது, அசல் குறைகிறதா இல்லையா என்ற மூன்றையும் குறிப்பது. வீட்டுப் பெண்கள் அறியாமல் ஆணும், ஆண்கள் அறியாமல் பெண்ணும் வாங்கிய கடன்கள் அந்தத் தாளில்தான் முதன்முதலாகச் சந்திக்கின்றன. அந்தச் சந்திப்பு சுமுகமாக இருப்பதில்லை. இரண்டாவது, அசல் குறையாத கடனை அசல் குறைகிற கடனாக மாற்றுவது. மேலே சொன்ன பத்து வட்டிக் கடனையே எடுத்துக்கொள்வோம். 20,000 ரூபாயை நகை ஈட்டின்பேரில் ஆண்டுக்கு 10 விழுக்காட்டில் வாங்கி அதைத் தீர்த்துவிட்டு, வட்டிக்கென்று அழுத அதே 2,000 ரூபாயை மாதந்தோறும் நகைக்கடனில் கட்டிவந்தால், பதினோராவது மாதம் கடனும் தீர்ந்து நகையும் வீட்டுக்கு வந்துவிடும். வருமானம் ஒரு ரூபாய்கூட உயரவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும்.

நகைக்கடனில் பொன் நிறுக்கப்படுகிறதேயன்றி, வாங்குகிறவனின் பூர்வோத்தரம் அவ்வளவாக நிறுக்கப்படுவதில்லை என்பதால், வங்கி மதிப்பெண் கெட்டவனுக்குத் திறந்திருக்கும் கதவுகளில் இதுவே அகலமானது. ரிசர்வ் வங்கி 2025-இல் வகுத்த விதிகளின்படி இரண்டரை லட்சம் வரையிலான கடனுக்கு நகை மதிப்பில் 85 விழுக்காடு வரை கொடுக்கலாம். 20,000 ரூபாய்க்கு இன்றைய விலையில் அரைப் பவுனே அதிகம். தாலிக்கொடியில் கைவைப்பதா என்ற மனத்தடையை நான் அலட்சியம் செய்யவில்லை; ஆயினும் பெட்டியில் பொன்னை வைத்துக்கொண்டு வாசலில் பத்து வட்டி கட்டுவது, பொன்னை மாதந்தோறும் துண்டு துண்டாக விற்பதற்குச் சமானமே. நகையும் ஏற்கெனவே அடகுக் கடையில் இருக்குமானால், வருங்கால வைப்பு நிதியில் வைத்தியம், படிப்பு முதலிய காரணங்களுக்கு எடுக்கும் முன்பணம் அடுத்தது: அதற்கு மதிப்பெண்ணும் வேண்டாம், திருப்பிக் கட்டவும் வேண்டாம், முதுமைக்கு வைத்ததைத் தின்கிறோம் என்ற ஒரே தோஷம் உண்டு. 1989-இல் தருமபுரியில் முளைத்த மகளிர் சுயஉதவிக் குழு மூன்றாவது. அதைப் போலவே தோற்றமளிக்கிற சிறுநிதிக் கம்பெனிக் குழுக்களிடத்தில் ஜாக்கிரதை வேண்டும். குடும்ப வருமானத்தில் பாதிக்கு மேல் தவணைக்குப் போகக் கூடாதென்று 2022-ஆம் ஆண்டு விதி இருந்தாலும், ஒரே வீட்டுக்கு வாரத்தில் மூன்று நாள் மூன்று கம்பெனிகள் வசூலுக்கு வருவதைக் காணாத தெரு இல்லை.

கடன் கொடுத்தவர் சட்டப்படி என்னதான் செய்ய முடியும் என்பதைத் தெரிந்துகொள்வதும் ஒரு பலம். கடனுக்காகப் போலீஸ் ஒருவனைக் கைதுசெய்ய முடியாது. 1908-ஆம் ஆண்டின் சிவில் நடைமுறைச் சட்டம் 60-ஆம் பிரிவின்படி கூலியாளின் கூலியை ஜப்தி செய்யவே இடமில்லை. மாதச் சம்பளக்காரருக்கும் முதல் 1,000 ரூபாயும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் தொட முடியாதவை. 15,000 ரூபாய் சம்பளத்தில் ஜப்திக்கு எட்டுவது 4,667 ரூபாய்தான். உண்மையான அபாயம் காசோலையில் இருக்கிறது: நிரப்பாமல் கொடுத்த காசோலை திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவின்கீழ் இரண்டாண்டு வரை சிறை நேரலாம். ஆகையால் சமரசம் பேசும்போது தொகையைக் குறைப்பதைவிடக் காசோலையையும் புரோநோட்டையும் திரும்பப் பெறுவதே பிரதானம். அட்டையை அடகு வைத்தவன் வங்கிக்குப் போய் அதை ரத்துசெய்து புதிய அட்டை வாங்கிக்கொள்ள எந்தத் தடையும் இல்லை. அன்றிரவு வரப்போகும் சண்டைக்குத் தயாராகி, சாட்சிகளோடு தவணை பேசிக்கொள்ளவேண்டும்.

மஞ்சள் கடுதாசி என்று ஊரார் ஏளனமாகச் சொல்கிற திவால் மனு, 1920-ஆம் ஆண்டுச் சட்டப்படி இன்றும் சாத்தியம்; ஆனால் அதன் செலவும் காலதாமதமும் ஐம்பதாயிரம், லட்சம் ரூபாய்க் கடனாளிக்குத் தாங்காது. 2016-ஆம் ஆண்டுத் திவால் சட்டத்தில், ஆண்டு வருமானம் 60,000 ரூபாய்க்கு மேற்படாத ஏழையின் 35,000 ரூபாய் வரையிலான கடனைத் துடைத்துவிட்டுப் புதுக்கணக்குத் தொடங்க இடமளிக்கும் அத்தியாயம் ஒன்று இருக்கிறது. அது காகிதத்தில்தான் இருக்கிறது. சாதாரண ஜனங்களுக்கு அமலுக்கு வரவில்லை.

மதிப்பெண்ணைச் சீர்ப்படுத்தும் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். 300-க்கும் 900-க்கும் இடையில் ஓடும் அந்த எண்ணைக் கணிக்கிற நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கொருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தரக் கடமைப்பட்டவை. பிழையைச் சுட்டிக்காட்டி 30 நாளுக்குள் திருத்தாவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் ஈடு கோரலாம். குறைத்துக் கட்டி முடித்த கடன் 'செட்டில்ட்' என்றும், முழுதும் கட்டியது 'குளோஸ்ட்' என்றும் பதிவாகும். முன்னது நெடுநாள் வடுவாக நிற்கும். காசு வாங்கிக்கொண்டு அந்த மதிப்பெண்ணை உயர்த்தித் தருவதாகச் சொல்கிற தரகர்களுக்கு, கடனாளி தானே செய்துகொள்ள முடியாத வித்தை எதுவும் தெரியாது.

இவ்வளவும் தனிமனிதனின் உபாயங்கள். ஸ்தாபன ரீதியான பரிகாரமொன்று சென்னை ராஜதானியிலேயே பிறந்தது. சர் பிரெடரிக் நிக்கல்சன் 1895-லும் 1897-லும் அளித்த அறிக்கைகளின் வழியே 1904-இல் கூட்டுறவுச் சட்டம் வந்தது. அதன் கிளைகளில் மிக உறுதியாக ஊன்றியது, பணியாளர் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கம். சம்பளத்திலேயே தவணை பிடிக்கப்படுவதால் அதற்கு மதிப்பெண்ணும் வேண்டியதில்லை, அடியாளும் வேண்டியதில்லை. ஒப்பந்தத் தொழிலாளிக்கு இந்தக் கதவு மூடியிருப்பதன் காரணம், கான்ட்ராக்டர் மாறினால் பிடித்தம் யார் செய்வது என்ற ஒரே ஆட்சேபம். இது அத்தனை பலமான ஆட்சேபமன்று. ஆள் அதே சுரங்கத்தில்தான் இருக்கிறான், கான்ட்ராக்டர்தான் மாறுகிறார். வைப்பு நிதிப் பிடித்தமும் ஒரே கணக்கு எண்ணின்கீழ் அவனைப் பின்தொடர்ந்துகொண்டுதான் இருக்கிறது. சங்கத் தவணையையும் அவ்வாறே பிடித்தனுப்பவேண்டும் என்று டெண்டரில் ஒரு ஷரத்துச் சேர்ப்பதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. பிடித்தங்கள் கூலியில் பாதியைத் தாண்டக் கூடாதென்ற ஊதியச் சட்டத்தின் வரம்பு காப்பாகவும் இருக்கும், இடைஞ்சலாகவும் இருக்கும். நிரந்தரப் பணியாளரிலேயே சங்கம், வங்கி, சீட்டு என்று பிடித்தங்கள் போக வெறுங்கையாய் நிற்பவர் உண்டு. ஆகவே அப்படியொரு சங்கம் அமையுமானால், அது கடன் பணத்தை உறுப்பினரின் கையில் கொடுக்காமல், அவருடைய பட்டியலைக் கேட்டு வாங்கி, வட்டி கூடிய கடனிலிருந்து தொடங்கி நேரே கொடுத்தவரிடம் கட்டி, புரோநோட்டையும் காசோலையையும் ஏ.டி.எம். அட்டையையும் பெற்று உறுப்பினரிடம் ஒப்படைத்த பிறகே முதல் தவணையைப் பிடிக்கத் தொடங்கவேண்டும்.